உடற்பயிற்சியில் எதன்மேல் இலக்கு வைப்பது?

உடற்பயிற்சி தொடங்குகிறவர்களிடம் உங்கள் இலக்கு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் எண்ணைச் சொல்வார்கள். பத்துக் கிலோ குறைய வேண்டும். இடுப்பளவு நான்கு அங்குலம் இறங்க வேண்டும். அடுத்த பரிசோதனைக்குள் சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். எல்லாமே நியாயமான ஆசைகள். ஆனால் இவை ஒவ்வொன்றும் உடல் நமக்குத் தரவேண்டிய விளைவு. நாளைக் காலை எழுந்ததும் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது இவற்றில் எதிலும் இல்லை. பயிற்சித் திட்டத்தில் நம்மை நாள்தோறும் கணக்குக் கேட்கும் இலக்கு, நம் கையிலுள்ள செயலின்மேல் வைக்கப்பட வேண்டும் என்பதுதான் இன்று நான் முன்வைக்கும் வாதம். எத்தனை நாள், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில், எத்தனை முறை என்பது நம் கையில் உள்ளது. எடையும் சர்க்கரையும் திசை காட்டட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை நாம் சரியான வழியில்தான் போகிறோமா என்று சொல்லட்டும். இன்று வெற்றியா தோல்வியா என்ற தீர்ப்பை மட்டும் அவற்றிடம் ஒப்படைக்கக் கூடாது. இது வெறும் ஆறுதல் பேச்சாகத் தோன்றலாம். இதற்குப் பின்னால் கணிசமான ஆய்வுச் சான்று இருக்கிறது. அதில் மிக வலுவான ஒன்று நம் சென்னையிலிருந்தே வந்தது.

முதலில் விளைவை மட்டும் இலக்காக வைத்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 1997 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேரி ஃபாஸ்டரும் தாமஸ் வாடனும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பருமன் உள்ள 60 பெண்களிடம், சிகிச்சை தொடங்கும் முன்பே, எந்த எடையை அடைய விரும்புகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சராசரி விடை, இப்போதைய எடையில் 32 விழுக்காடு குறைய வேண்டும் என்பது. சுமார் 25 கிலோ குறைந்தால் ஏற்றுக்கொள்ளலாம், 17 கிலோ மட்டும் குறைந்தால் அது ஏமாற்றம் என்றார்கள். 48 வாரச் சிகிச்சைக்குப் பிறகு அவர்கள் சராசரியாகக் குறைத்தது ஏறக்குறைய 16 கிலோ. ஏமாற்றம் என்று தாங்களே வரையறுத்த எடையைக்கூட அவர்களில் 47 விழுக்காட்டினர் எட்டவில்லை. உடல் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீரடையத் தொடங்கும் என்பதை மருத்துவம் நெடுநாளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்படியானால், மருத்துவரின் அளவுகோலில் மிக நல்ல பலனைப் பெற்ற பெண்கள், தாங்கள் வைத்த இலக்கின் அளவுகோலில் தோற்றவர்களாக வீடு திரும்பினார்கள். தோற்றுவிட்டதாக நினைக்கும் மனிதர் அடுத்த மாதம் எதற்காகக் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போவார்? இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஓராண்டு உழைப்பு, இலக்கு தவறான இடத்தில் இருந்த ஒரே காரணத்தால், அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

விளைவு ஏன் நம் கையில் இல்லை? எடையையே எடுத்துக்கொள்வோம். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்கிறது. முந்தைய நாள் விருந்தில் சோறும் ஊறுகாயும் அப்பளமும் சற்றுக் கூடினால், மறுநாள் எடை மெஷின் ஒரு கிலோ அதிகம் காட்டும். அதில் பெரும்பகுதி கொழுப்பல்ல, நீர். பெண்களுக்கு மாதவிலக்குச் சுழற்சியை ஒட்டியும் எடை ஏறி இறங்கும். புதிதாக எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்கியவருக்கு, வலிக்கும் தசையில் நீர் கோத்து முதல் சில நாட்கள் எடை கூடவும் செய்யலாம். மிகச் சரியாகப் பயிற்சி செய்தவருக்கும் மெஷின் ‘தோல்வி’ என்று காட்டக்கூடிய நாட்கள் இவை. நாள்தோறும் எடை பார்ப்பது தவறென்று நான் சொல்லவில்லை. வாரச் சராசரியைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு அது பயன்படும். ஒரு நாளின் எண்ணை ஒரு நாளின் உழைப்புக்குக் கூலியாகப் படிப்பதுதான் தவறு.

எடையை விட்டு, உடல் தகுதியையே அளந்தாலும் நிலைமை அதுதான். கிளாட் புஷார் தலைமையில் நடந்த ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வின் முடிவு 1999 இல் வந்தது. அதற்கு முன் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு, 20 வாரம், ஒரே ஒழுங்கில், கண்காணிப்புடன் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். உடல் உச்ச உழைப்பில் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதே அளவை. சராசரியாக அது 400 மில்லி அளவுக்கு உயர்ந்தது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. எல்லாரும் செய்தது ஒரே பயிற்சி. இந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி குடும்ப மரபோடு தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் பெற்ற பலனைத் தன் இலக்காக எழுதிக்கொள்பவர், தன் உடலைப் பற்றி எதுவும் தெரியாமலேயே அதன் பெயரில் வாக்குறுதி கொடுக்கிறார்.

அப்படியென்றால் சிலருக்குப் பயிற்சி பலிக்காதா, எதற்காக அவர்கள் உழைக்க வேண்டும் என்று இங்கே யாராவது கேட்டால் அது நேர்மையான கேள்வி. 2017 இல் டேவிட் மொன்டேரோ, கார்ஸ்டன் லுண்ட்பி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நலமுள்ள 78 இளைஞர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம் வரை ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஒரு மணி நேரம் செய்த குழுவில் 69 விழுக்காட்டினருக்குத் திறன் உயரவில்லை. நான்கு, ஐந்து மணி நேரம் செய்த குழுக்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. பலன் காணாதவர்களை மேலும் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு அமர்வு கூட்டிப் பயிற்சி செய்யச் சொன்னபோது அவர்களுக்கும் திறன் உயர்ந்தது. இளம் ஆண்களிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வு இது, அதற்குமேல் இதை நீட்டக் கூடாது. ஆயினும் இதன் பாடம் என் வாதத்தோடு ஒட்டி வருகிறது. ஒருவருக்குப் பலன் வரவில்லை என்றால் மாற்ற வேண்டியது பயிற்சியின் அளவு. செயலை இலக்காக எழுதி வைத்திருப்பவரிடம்தான் மாற்றுவதற்கு ஒரு பிடி இருக்கும். ‘பத்துக் கிலோ’ என்று மட்டும் எழுதி வைத்தவர் எதை மாற்றுவார்?

இப்போது நான் குறிப்பிட்ட சென்னைச் சான்றுக்கு வருகிறேன். அதற்கு முன் வந்த அமெரிக்க ஆய்வை முதலில் பார்ப்போம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களை அதில் விழாமல் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2002 இல் முடிவு வந்தது. 3,234 பேர் கலந்துகொண்டார்கள். வாழ்க்கைமுறையை மாற்றும் குழுவுக்கு இரண்டு இலக்குகள் கொடுத்தார்கள்: உடல் எடையில் ஏழு விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பு. ஒன்று விளைவு, மற்றொன்று செயல். எதை மக்கள் எட்டினார்கள்? 24 வாரப் பாடத்திட்டம் முடிந்தபோது எடை இலக்கை எட்டியவர்கள் 50 விழுக்காடு, நடை இலக்கை எட்டியவர்கள் 74 விழுக்காடு. ஆய்வின் கடைசிச் சந்திப்பில் எடை இலக்கில் 38 விழுக்காட்டினரும் நடை இலக்கில் 58 விழுக்காட்டினரும் இருந்தார்கள். மொத்தத்தில் அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது, மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 விழுக்காடு. பிற்பாடு வந்த ஒரு பகுப்பாய்வு இன்னும் நுட்பமானது. எடை குறைந்தவர்களுக்கே அதிகப் பலன் என்பதை அது மறைக்கவில்லை, நானும் மறைக்க மாட்டேன். ஆனால் முதலாண்டு முடிவில் எடை இலக்கை எட்டாத 495 பேரைத் தனியே பார்த்தபோது, அவர்களுள் நடை இலக்கை எட்டியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 44 விழுக்காடு குறைவாக இருந்தது. எடையை மட்டும் இலக்காக வைத்திருந்தால், இவர்கள் ‘பலன் இல்லை’ என்று நடையை விட்டிருப்பார்கள். விட்டிருந்தால் எதை இழந்திருப்பார்கள் என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

அமெரிக்க ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி உடல்நிறைக் குறியீடு 34. நம் மக்கள் அப்படி இல்லை. அவ்வளவு பருமன் இல்லாமலேயே நமக்குச் சர்க்கரை நோய் வருகிறது, ஒரே குறியீட்டில் ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. ஆகவே அங்கே கண்டது இங்கே பலிக்குமா என்ற ஐயம் இருந்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு 531 பேரைக் கொண்டு நடத்திய இந்திய சர்க்கரைநோய்த் தடுப்பு ஆய்வு 2006 இல் அதற்கு விடை சொன்னது. இவர்களின் சராசரிக் குறியீடு சுமார் 26. உடல் உழைப்பு இல்லாதவர்களுக்குச் சொன்னது, நாளைக்கு அரை மணி நேரமாவது வேகமாக நட என்பதும், உணவில் சில மாற்றங்களும். ஏற்கெனவே வேலையில் உடல் உழைப்பு உள்ளவர்களிடமும், அரை மணிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள் மிதிப்பவர்களிடமும் இப்போது செய்வதையே தொடருங்கள் என்றார்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது, வாழ்க்கைமுறைக் குழுவில் 39.3 விழுக்காட்டினருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு, 40.5. இவ்வளவுக்கும் வாழ்க்கைமுறைக் குழுவின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. எடை மெஷினை மட்டும் சாட்சிக்கு அழைத்திருந்தால், இந்த முயற்சி முழுத் தோல்வி என்று தீர்ப்பாகியிருக்கும். தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் விதமே நடப்பதால் மாறுகிறது, அதற்கு எடை குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பயிற்சி தொடங்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லப்பட வேண்டிய உண்மை இது. இது ஏன் இன்னும் வீதிக்கு வரவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான தடை, இலக்கு பற்றிய உளவியலிலிருந்தே வரும். எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இருவரும் பல பத்தாண்டு ஆராய்ச்சியில் நிறுவியது, கடினமான, துல்லியமான இலக்கு, ‘முடிந்ததைச் செய்’ என்ற பொதுவான சொல்லைவிட நல்ல பலன் தரும் என்பது. 1975 இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், ஒக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 விழுக்காடே ஏற்றி வந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. 94 விழுக்காடு என்று துல்லியமாக இலக்கு வைத்ததும் சில மாதங்களில் சுமை 90ஐத் தாண்டியது, அந்த நிலையிலேயே நீடித்தது. இதைக் காட்டி, ‘பத்துக் கிலோ, மூன்று மாதம்’ என்று பெரிதாக, தெளிவாக வைப்பதுதானே சரி என்று ஒருவர் கேட்கலாம். நிறுவனங்களில் பயிலும் ‘ஸ்மார்ட்’ இலக்கு முறையும் அதைத்தானே சொல்கிறது என்பார். அந்த முறை 1981 இல் ஜார்ஜ் டோரன் மேலாளர்களுக்காக ஒரு மேலாண்மை இதழில் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து பிறந்தது, உடலியலிலிருந்து அல்ல என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது.

லாரி ஆய்வை மறுக்க எனக்கு விருப்பமில்லை. அது எந்தச் சூழலில் பலித்தது என்று பாருங்கள். ஓட்டுநர்களுக்கு மரம் ஏற்றத் தெரியும், இன்னும் நான்கு மரத்தை ஏற்றுவது அவர்கள் கையில் இருந்தது, ஏற்றியது எவ்வளவு என்று அன்றே தெரிந்தது. அது செயலின்மேல் வைத்த இலக்கு. துல்லியமும் கடினமும் அங்கே பலித்ததற்கு அதுவே அடித்தளம். தெரியாத வேலையில் அதே முறை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 1989 இல் ரூத் கான்ஃபர், ஃபிலிப் அக்கர்மன் இருவரும் அமெரிக்க விமானப்படையில் பயிற்சி பெற்றவர்களுக்கு விமானங்களைத் தரையிறக்கும் போலி வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். கற்கத் தொடங்கிய நிலையிலேயே கடினமான எண் இலக்கை வைத்தபோது செயல்திறன் குறைந்தது. வேலை கைவந்தபின் அதே இலக்கை வைத்தபோது திறன் கூடியது. லாக்கும் லேதமும் 2002 இல் எழுதிய நீண்ட மறுபரிசீலனையில் இதை ஏற்று, சிக்கலான புதுவேலைக்குக் கற்றல் இலக்கே ஏற்றது என்கிறார்கள். ஐம்பது வயதில் முதல்முறை ஜிம்முக்குள் நுழைபவருக்கு, ஸ்குவாட்டில் முழங்கால் எங்கே போக வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும், எந்த வலி வழக்கமானது, எந்த வலி எச்சரிக்கை என்பதெல்லாம் புதுவேலை. அவருக்கு முதல் ஆறு வாரத்தின் இலக்கு, ஐந்து அடிப்படை அசைவுகளைத் தவறில்லாமல் கற்றுக்கொள்வதாகவும், வாரம் மூன்று நாள் வருவதாகவும் இருக்க வேண்டும். எத்தனை கிலோ தூக்குவது என்ற கேள்வி அதற்கு அப்புறம் வரட்டும்.

செயலின்மேல் இலக்கு என்று ஒப்புக்கொண்டால், அடுத்து அளவை எங்கிருந்து எடுப்பது? ‘பத்தாயிரம் அடி’ என்ற எண் இன்று கைக்கடிகாரத்தில் எல்லாம் இருக்கிறது. அது எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965 இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது. 2019 இல் வெளியான ஆய்வில் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு 16,741 மூத்த பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. அவர்களின் சராசரி வயது 72. நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவு. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உடல்நலம் உள்ளவர்கள் அதிகம் நடப்பதாலும் இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி வந்திருக்கலாம், ஆகவே இதைக் காரண காரியமாக முழுக்க எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் மூவாயிரம் அடி நடக்கும் ஒரு பாட்டிக்குப் பத்தாயிரத்தை இலக்காகக் காட்டி, முதல் நாளே அவரைத் தோற்கடிக்க எந்த நியாயமும் இல்லை. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், இப்போது எவ்வளவு செய்கிறோம் என்று குறித்துப் பார்ப்பதே திட்டத்தின் முதல் வேலை. அங்கிருந்து ஆயிரம் அடி, அது பழகியபின் இன்னோர் ஆயிரம். சென்னை ஆய்வுக்குழுவும் இதைத்தான் செய்தது. ஒவ்வொருவரும் நின்ற இடத்தைப் பார்த்தே இலக்கைச் சொன்னது.

ஏற்றத்தின் வேகத்துக்கும் புனிதமான எண் கிடையாது. வாரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரைக் கொண்டு 2008 இல் வெளியான ஆய்வில், அந்த விதிப்படி 13 வாரம் மெல்ல ஏறியவர்களுக்கும், 8 வாரத்தில் ஏறியவர்களுக்கும் காயம் பட்ட விகிதம் ஒன்றே. இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதனால் எப்படியும் ஏறலாம் என்று பொருளில்லை. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். ஓடத் தொடங்கியவரின் உற்சாகம் உச்சத்தில் இருக்கும் நேரமும், அவர் முழங்காலும் கணுக்காலும் தயாராகாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. இலக்கில் ஒரு கீழ் வரம்பு எழுதுவதுபோல் மேல் வரம்பும் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: வாரம் மூன்று நாளுக்குக் குறையக் கூடாது, நான்குக்கு மேல் போகவும் கூடாது.

எழுதிய இலக்கு நடைமுறைக்கு வர, நேரமும் இடமும் அதனுள்ளேயே இருக்க வேண்டும். 2002 இல் பிரிட்டனில் சாரா மில்ன் முதலியோர் 248 மாணவர்களிடம், வரும் வாரத்தில் ஒருமுறையாவது இருபது நிமிடம் கடுமையான பயிற்சி செய்யச் சொன்னார்கள். எதுவும் தராத குழுவில் 38 விழுக்காட்டினர் செய்தார்கள். இதய நோயின் ஆபத்தைப் பற்றிய பிரசுரத்தைப் படிக்கத் தந்த குழுவில் 35 விழுக்காடு. அதே பிரசுரத்தோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுத வைத்த குழுவில் 91 விழுக்காடு. பிற்கால ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை, ஆனால் போக்கு அதேதான். பயமுறுத்துவது எவ்வளவு குறைவாக உதவுகிறது என்பதை இந்த எண்களில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டும். இருபத்தோரு நாளில் பழக்கமாகிவிடும் என்ற பேச்சையும் விட்டுவிடலாம். லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக ஆக எடுத்தது நடுவளவில் 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை. அதே ஆய்வில், ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே ‘தினமும் தவறாமல்’ என்று எழுதாதீர்கள். ‘மாதத்தில் பதினாறு நாள்’ என்று எழுதுங்கள். காய்ச்சலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் துக்க வீட்டுக்கும் அதில் இடம் இருக்கும், மூன்று நாள் விட்டவர் நான்காம் நாள் குற்ற உணர்வில்லாமல் திரும்பி வருவார்.

பெரிய கனவு இல்லாமல் ஊக்கம் எப்படி வரும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். மாரத்தான் ஓட வேண்டும், காவலர் தேர்வில் உடல் தகுதிச் சுற்றில் தேற வேண்டும் என்ற வேகம் வேண்டாமா? வேண்டும். அது ஏன் எழுகிறோம் என்பதற்கு விடை. எழுந்து என்ன செய்கிறோம் என்பதற்குத் தனியாக ஒரு விடை வேண்டும். விளையாட்டு வீரர்களைக் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வெல்வதையே இலக்காக வைத்தவர்களிடம் பலன் மிகச் சிறிதாகவும், செய்முறையை இலக்காக வைத்தவர்களிடம் பெரிதாகவும் தெரிந்தது.

முதியோருக்கு வரும்போது நாம் வைக்கும் இலக்குகளிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நடையோடு நிறுத்திவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் ஊர்ப் பூங்காக்களில் காலையில் நூறு பேர் நடந்தால், தசைக்கென்று ஏதாவது செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. வயதானவர் கழிப்பறையில் எழ முடியாமல் போவதற்கும், படியில் விழுவதற்கும் தொடைத் தசை தேய்வது ஒரு முக்கியக் காரணம். பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் வலு கூடுவதற்குப் பெரும்பாலும் நரம்பு தசையை இயக்கக் கற்றுக்கொள்வதே காரணம் என்பதால், எழுபது வயதிலும் மாற்றம் சீக்கிரம் தெரியும். இதை அளக்க மருத்துவமனை வேண்டாம். கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணினால் போதும். 65 முதல் 69 வயதில் பெண்களுக்கு 11க்கும் ஆண்களுக்கு 12க்கும் குறைந்தால், கீழே விழும் ஆபத்து கூடுதல் என்று கொள்கிறார்கள். அன்றாட இலக்கு, காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுவது. இந்தச் சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதய நோய், மூட்டு மாற்று சிகிச்சை, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு தடை, எனக்கு மிக முக்கியமானது. இதெல்லாம் நேரமுள்ளவர்களுக்கு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், திரும்பி வந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு என்ன சொல்கிறீர்கள் என்பது அது. 2022 நிலவரத்தைக் கணக்கிட்டு 2024 இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் போதிய உடல் உழைப்பு இல்லாத ஆண்கள் 42 விழுக்காடு, பெண்கள் 57 விழுக்காடு. இந்தப் பதினைந்து விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசத்தைப் பெண்களின் மன உறுதியில் தேடுவது அநியாயம். ஒரு பகுதி விடை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே உண்டு. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020 இல் எடுத்துவிட்டார்கள். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஆறு நிமிடம் வேகமாக நடப்பதும், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால், சேரும். மறுபகுதி விடை அந்தப் பெண்ணின் தாளில் எழுதக்கூடியதல்ல. காலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை வாரம் நான்கு நாள் அவர் வெளியே நடக்க வேண்டுமென்றால், அந்த நேரத்தில் பாலைக் காய்ச்சுவது யார், பிள்ளைக்கு டிபன் கட்டுவது யார், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்பதும் இலக்கின் பகுதி. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று காலண்டரில் அவர் பெயருக்கு எதிரே நடை என்று எழுதும்போது, அதே நாட்களில் கணவர் பெயருக்கு எதிரே அடுப்படி என்றும் எழுதப்பட வேண்டும். மாத முடிவில் இருவர் வரிசையையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.